ரோட்டா சொட்டு மருந்து: பரிந்துரை எல்லோருக்கும், கிடைப்பது சிலருக்கா?

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துக்கு ஊசி கிடையாது. மருந்தைக் குழந்தையின் கன்னத்துக்கு உட்புறமாக மெல்ல விடுவார்கள், அவ்வளவுதான். இந்த வைரஸால் வந்து, கைக்குழந்தைகளின் உடலிலுள்ள நீரை வற்றவைத்து உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கின் தீவிரத்தை இந்தச் சொட்டுகள் தடுக்கின்றன.

எல்லா நாடுகளும் இதைத் தங்கள் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரை சட்டமாகிவிடாது. அந்தந்த அரசு திட்டத்தில் சேர்த்தால்தான் குழந்தைக்கு அது உரிமையாகும். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்த்துவிட்டன. சேர்க்காத நாடுகளில் காசு உள்ளவர் வீட்டுக் குழந்தைக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஏழை நாடுகளுக்கு ‘கேவி’ தடுப்பூசிக் கூட்டமைப்பு நிதி தருகிறது. தலா வருமானம் வரம்பைத் தாண்டினால் அந்த உதவி படிப்படியாகக் குறையும். ஏழை என்ற பட்டியலிலும் இல்லாமல், முழு விலை கொடுக்கும் வசதியும் இல்லாமல் நடுவில் சிக்கும் நாடுகளின் பாடுதான் பெரும்பாடு. மருந்து வரத்தும் நிச்சயமில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு ரோட்டாடெக் என்ற தன் ரோட்டா மருந்தை அனுப்புவதை நிறுத்தப்போவதாக மெர்க் நிறுவனம் 2018-ல் அறிவித்தது. நடந்துகொண்டிருந்த திட்டங்கள் வேறு மருந்தைத் தேட வேண்டியதாயிற்று. பெரும்பாலான வகைகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களில் அதுவே பெரிய வேலை.

என் மனதை அதிகம் உறுத்துவது வயது விதி. 1998-ல் அமெரிக்காவில் வந்த ரோட்டாஷீல்ட் என்ற ரோட்டா மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தால் மறு ஆண்டே விலக்கப்பட்டது. அந்த அச்சத்தில், பின்னால் வந்த மருந்துகளின் முதல் தவணைக்கு 15 வாரம் என்று எல்லை வைத்தார்கள். இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிக அரிது. ஆனால் தடுப்பூசிக்குத் தாமதமாக வரும் குழந்தைகள் பெரும்பாலும் எட்டாக்கையில் வாழ்பவர்கள். நோய் தாக்கினால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும் முடியாதவர்கள். யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அவர்களையே விதி திருப்பி அனுப்பியது. அதனால் 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையைத் தளர்த்தி, 24 மாதம் வரை கொடுக்கலாம் என்றது. ஆனாலும் பல நாடுகளின் விதிகளிலும் மருந்துடன் வரும் குறிப்புத்தாளிலும் பழைய எல்லை அப்படியே நிற்கிறது.

முதல் தவணை 6 வாரம் முடிந்ததுமே. அடுத்தது குறைந்தது 4 வாரம் கழித்து. மருந்தின் வகையைப் பொறுத்து மொத்தம் இரண்டோ மூன்றோ தவணைகள். தவணை தள்ளிப்போயிருந்தால் வீட்டிலேயே முடிவுகட்டிவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய், உங்கள் நாட்டின் வயது எல்லை என்னவென்று கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு குழந்தை விட்டுவிட்டு வீறிட்டழுதாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.