காரம் எனும் கலைச்சொல்

வேதியியல் பாடத்தில் "காரம்" என்று முதன்முறை படிக்கும் மாணவருக்கு மிளகாய் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் மிளகாயின் உறைப்புக்குக் காரணமான காப்சைசின், வேதியியலார் காரம் என்று வகுக்கும் பொருள்களில் சேர்வதில்லை. அவர்கள் கூறும் காரம் கசப்புச் சுவையுடையது. அதன் கரைசல் விரல்களுக்கிடையே சவுக்காரம்போல் வழுவழுக்கும். லிட்மஸ் என்னும் நிறங்காட்டித் தாளின் சிவப்பை நீலமாக்கும்.

கலைச்சொல்லாகிய காரம், "க்ஷார" என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அரிக்கும் தன்மையுடையது என்பதும், தாவரச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பு என்பதும் அதன் பொருள்கள். சாம்பலை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி, சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்து வலுவேற்றும் முறையைப் பண்டைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட்டு சுண்ணாம்புடன் வினைபுரிந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக மாறுவதே அந்த வலுவேற்றத்தின் வேதியியல். ஆசனவாய் அருகே வரும் பவுத்திர நோய்க்கு இன்றும் கட்டப்படும் மருந்துக் கயிறான காரநூலில் நாயுருவிச் சாம்பலின் உப்பு பூசப்படுவது இம்மரபின் தொடர்ச்சியாகும். அல்கலி என்ற மேலைச் சொல்லும் உவர்நிலச் செடிகளின் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

பழைய வழக்கில் காரம் இன்றுள்ளதைவிடப் பரந்த சொல்லாக இருந்தது. அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவில் 7க்கு மேற்பட்டது காரம்; வெண்காரத்தின் கரைசல் 9 அளவில் நிற்பதால் அப்பெயர் அதற்குப் பொருந்துகிறது. படிகாரத்தின் கரைசலோ அமிலத்தன்மை உடையது. ஆகவே பெயரின் ஈற்றில் காரம் இருப்பதை மட்டும் கொண்டு ஒரு பொருளின் இயல்பை முடிவுசெய்யலாகாது.

சிக்கல் மிகுவது ஆங்கிலத்தில் பேஸ் (base), அல்கலி (alkali) எனப்படும் இரண்டையும் வேறுபடுத்தும் இடத்தில்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதைக் காரம் என்றும், நீரில் கரையும் காரத்தை எரிகாரம் என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது மூலம், பின்னது காரம். நீரில் கரையாத தாமிர ஆக்சைடு தமிழ்நாட்டில் காரம். இலங்கையில் அது மூலமே தவிரக் காரம் ஆகாது. இரு நாட்டு நூல்களையும் ஒருசேரப் படிப்போர் இதை மனத்தில் கொள்ளாவிடில் பொருளே பிறழ்ந்துவிடும்.

அமிலத்துக்கு அடித்தளமாக நின்று அதனைத் திண்ம உப்பாக்கும் பொருள் என்ற கருத்தில் பேஸ் என்ற சொல்லை 1754இல் பிரான்சின் வேதியியலார் ரூயெல் வரையறுத்தார். மூலம் அக்கருத்தை நேராகத் தருகிறது. 1923இல் வேதியியலார் பிரான்ஸ்டெடும் லௌரியும் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) ஏற்கும் எதனையும் இவ்வகையில் சேர்த்தபின், ஹைட்ராக்சைடு அற்ற அம்மோனியாவும் இதில் அடங்கிற்று. சாம்பலோடும் அரிப்போடும் பிணைந்த ஒரு சொல் அவ்வளவு விரிந்த கருத்தைத் தாங்குவது அரிது. எனவே பொருட்செறிவில் மூலமே மேலானது என்பது என் கருத்து. எனினும் மூலகம் (தனிமம்), மூலக்கூறு என்னும் சொற்களோடு மயங்கக்கூடும் என்ற குறை அதற்கு உண்டு.

வடசொல் கலவாத பெயரை நாடுவோர், புளிப்பைக் குறிக்கும் "அம்ல" என்பதிலிருந்து வந்த அமிலத்துக்குப் புளிமம் என்பர். காரத்துக்கு அத்தகைய சொல்லை ஆக்க விரும்பினால் உழவர் வழக்கிலுள்ள களர் நல்ல வேராகும். சோடியம் மிகுந்து பி.எச். 8.5ஐக் கடந்த, ஜிப்சம் இட்டுச் சீர்திருத்தப்படும் நிலத்தையே மண்ணியலார் இன்றும் களர்நிலம் என்கின்றனர். கல்லாதவரை விளைவு தராத களருக்கு ஒப்பிடும் 406ஆம் குறளில் அச்சொல் முன்னரே இடம்பெற்றிருக்கிறது.