"ஒரு பைசா எடுக்கலையே சார்" என்பது பதில் ஆகாது

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர் வந்தார். கூடவே அவர் கணவர். மஞ்சள் பையில், ஊராட்சி வேலையைச் சொந்தக்காரருக்கே கொடுத்தது பற்றிய நோட்டீஸ், பில் நகல்கள், தீர்மான நகல்கள். ஆறு மாதத்தில் இதே மாதிரி என்னிடம் வந்த நான்காவது கட்டு இது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை என்ன செய்தது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் ஊரிலும் தெருவெல்லாம் தண்ணீர். ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கொழுந்தனிடம் ஜேசிபி இருந்தது. வந்து வாய்க்காலை வெட்டிவிட்டார், தண்ணீர் வடிந்தது. இதுவரைக்கும் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் பில் போட்டார்கள். அங்கேதான் வினை. மூன்று பேரிடம் வாடகை விலை கேட்டதாக மூன்று கொட்டேஷன் வைத்திருக்கிறார்கள், குறைந்த தொகை கொழுந்தனுடையது. மூன்றிலும் 'மணிக்கு' என்பது 'மனிக்கு' என்று இருக்கிறது. மூன்று லெட்டர்பேடு, ஒரே பிழை. தணிக்கைக்கு வந்தவர் மூன்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். கொழுந்தனின் பில் புத்தகம் 1-ம் எண்ணில் தொடங்குகிறது. 1, 2, 3, 4 நான்குமே ஊராட்சிக்குத்தான்.

"ஒரு பைசா எடுக்கலை சார். அவர் ஓட்டின மணிக்குத்தான் பில்லு" என்றார் அந்த அம்மா. நம்புகிறேன். ஆனால் நோட்டீஸில் கேட்டிருப்பது அதை இல்லையே, ஆதாய முரணை! அதாவது, ஊருக்காக முடிவெடுக்கிறவருக்கே அதில் சொந்த ஆதாயம் இருப்பது.

இதை எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆதாய முரண் வேறு, கையாடல் வேறு. கையாடலுக்குப் பணம் காணாமல் போக வேண்டும். ஆதாய முரணுக்கு எதுவும் காணாமல் போக வேண்டியதில்லை. மணிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்க வேண்டியவர் தலைவர். கூட்டிக் கேட்க வேண்டியவர் ஜேசிபிக்காரர். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஊருக்காகப் பேரம் பேச அங்கே ஆளே இல்லை. வாடகை நியாயமாகவே இருந்திருக்கலாம். அதை நியாயம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்பதுதான் கேள்வி. ஒரே வழக்கில் நானே வாதிக்கும் வக்கீல், பிரதிவாதிக்கும் வக்கீல் என்றால் ஒப்புக்கொள்வீர்களா? தீர்ப்பு சரியாகவே வந்தாலும்?

அடுத்தது, "என் பேர்ல இல்லையே" என்பது. சட்டப்படி வாங்கக் கூடாத சொத்தை ஒரு பொது ஊழியர் ஏலத்தில் எடுத்தால், தன் பெயரில் எடுத்தாலும் இன்னொருவர் பெயரில் எடுத்தாலும், கூட்டாக எடுத்தாலும் பங்கு போட்டு எடுத்தாலும் குற்றம்தான். 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 169-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 203. அதற்கும் தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமா குடவோலைக்கு ஆகாதவர்? அவர் மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தவளின் கணவன் என்று உறவுமுறை ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லாரையும் விலக்கியிருக்கிறார்கள். மச்சான் பெயரில் எடுக்கிற வேலை அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 37, 38 பிரிவுகளைத் தேர்தலில் நிற்கிறவர்கள் ஒரு தடவையாவது படியுங்கள். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் உங்களுக்கு ஆதாயம் இருந்தால் பதவியே போகும். உறவுக்காரர் என்பதாலேயே தகுதி போய்விடாது. அவர் தொழிலில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் உறவை மறைத்து மூன்று கொட்டேஷன் ஜோடித்த பிறகு நான் எந்த முகத்தோடு வாதாடுவது?

அவசரத்துக்குச் சொந்தக்காரர் வண்டிதான் கிடைத்தது என்றால் கூப்பிடுங்கள், ஊர் முக்கியம். ஆனால் அன்றைக்கே பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒரு வரி எழுதுங்கள்: வண்டி இன்னாருடையது, எனக்கு இன்ன உறவு. ஜேசிபியில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் போட்டோ எடுங்கள். வீட்டு ஆள் அல்லாத இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். பில் ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கு வரும்போது நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போங்கள். போனதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கொட்டேஷனை மட்டும் தயவுசெய்து ஜோடிக்காதீர்கள். இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

பாகூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள், "எங்களுக்குத் தலைவரே இல்லையே" என்கிறார்கள். புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை, அங்கே கிராமங்களுக்கான உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கையில். கடலூர் மாவட்டக் கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். யார் கையெழுத்துப் போட்டாலும் இதே கேள்விதான். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் பில் நகல் கேளுங்கள், முப்பது நாளில் தர வேண்டும்.

அந்த அம்மாவிடம், ஊராட்சிப் பணத்தை அனுப்பக் கணினியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் அப்போது யாரிடம் இருந்தது என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் வீட்டு ஆண் போட்ட பில்லுக்கு நோட்டீஸ் அந்தப் பெண்ணின் பெயரில்தான் வருகிறது. அண்ணன்மார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த டாங்கிளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பில்லை அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.