கயிறு எந்த எடத்துல அறுந்துச்சுன்னு முதல்ல பாருங்க

போன ஐப்பசில மூணு நாள் கரண்ட் இல்ல, மஞ்சக் காட்டுல தேங்கி நின்ன தண்ணிய வெளிய எடுக்க எங்க பெட்ரோல் பம்ப்செட்ட தூக்கிட்டுப் போய் வச்சோம். எஞ்சின ஸ்டார்ட் பண்ண இழுக்குற கயித்த இழுத்தா, நாலாவது இழுப்புல கைப்பிடியோட ஒரு முழம் கயிறு மட்டும் கையில வந்துச்சு, மீதி சர்ர்ருன்னு உள்ள ஓடி சுத்திக்கிச்சு. பெரியப்பா உடனே "டவுனுக்கு எடுத்துட்டுப் போயிரலாம்"னாரு. ஆனா தண்ணி நிக்குற ஒவ்வொரு மணி நேரமும் கெழங்கு அழுகுற பயம் இருக்குல்ல, அதான் அங்கயே பிரிச்சுட்டேன்.

பிளக் கேப்ப கழட்டிட்டு பெட்ரோல் டேப்ப மூடிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர்ல மூணு போல்ட்ட எடுத்தா ஸ்டார்ட்டர் கவர் தனியா வந்துரும். இந்த 160 சிசி சைஸ் எஞ்சின்ல எல்லாம் அமைப்பு கிட்டத்தட்ட இப்படித்தான். கவருக்குள்ள ஒரு புல்லி இருக்கும், கயிறு அதுல தான் சுத்தி இருக்கும், புல்லிக்கு அடியில அந்தக் காலத்து சுவர்க் கடிகாரத்துல வர்ற மாதிரி பட்டையான சுருள் ஸ்பிரிங். புல்லி நடுவுல ரெண்டு சின்ன கொக்கி. எதிர்ல எஞ்சின் பக்கம் பாத்தா ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோட சேந்து சுத்துற கனமான சக்கரம், அது மேல ஒரு இரும்புக் கிண்ணம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும்.

நெறைய பேர் அந்த ஸ்பிரிங் தான் எஞ்சின சுத்துதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அப்படி இல்ல, எஞ்சின சுத்துறது முழுக்க நம்ம கை தான், ஸ்பிரிங்கோட ஒரே வேலை கயிற திரும்ப உள்ள சுருட்டுறது. நாம இழுக்கும்போது புல்லி திரும்ப ஆரம்பிச்சதும் அந்த ரெண்டு கொக்கியும் வெளிய விரிஞ்சு கிண்ணத்தோட விளிம்ப பிடிச்சுக்கும், புல்லியும் ஃப்ளைவீலும் ஒண்ணா சுத்தும். எஞ்சின் பிடிச்சதும் கிண்ணம் நம்ம கைய விட வேகமா ஓடும்ல, அப்ப கொக்கி தானா விலகிக்கும். நிமிஷத்துக்கு 1400 சுத்து ஐடில்ல, அதாவது வேல எதுவும் இல்லாம சும்மா, ஓடுற எஞ்சினுக்குப் பக்கத்துலயே புல்லி சும்மா உக்காந்திருக்கிறது இதனால தான். இந்த விலகல் இல்லைன்னா கையில இருக்குற கயிற எஞ்சின் வெடுக்குன்னு உள்ள இழுத்துரும், விரல் போயிரும்.

புல்லிய கையில வச்சு ஸ்கேல்ல அளந்தேன், கயிறு சுத்தின அளவுல ஏறக்குறைய 7 செ.மீ விட்டம், அதாவது ஒரு சுத்துக்கு 22 செ.மீ கயிறு. ஒரு ஆள் ஒரே மூச்சுல 75 செ.மீ இழுப்பான்னு வச்சுக்கிட்டா மூணரை சுத்துக்கு கொஞ்சம் கம்மி, அத அரை செகண்டுல இழுத்தா நிமிஷத்துக்கு 400 சுத்து வேகம் கெடைக்குது. இதுல பெரிய விஷயம் என்னன்னா இது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ தான் பெட்ரோல் கலந்த காத்த அமுக்கும், அப்ப நம்ம ஒரு இழுப்புல எஞ்சின் பிடிக்கிறதுக்கு கெடைக்கிற வாய்ப்பே ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. பழைய கயித்துல அறுந்த எடத்துல முடிச்சு போட்டு 20 செ.மீ கொறைச்சு ஓட்டுறவங்களுக்கு ஒரு சுத்தே போயிருது, அப்புறம் "வண்டி மக்கர் பண்ணுது"ன்னு கார்புரேட்டர கழட்டுவாங்க. பாவம் கார்புரேட்டர் என்ன பண்ணும்.

வேகமும் முக்கியம். இதுல பேட்டரி கெடையாது, ஃப்ளைவீல்ல பதிச்ச காந்தம் காயில்ங்கிற கம்பிச் சுருளத் தாண்டி ஓடுற வேகத்துல தான் பிளக்குக்கு மின்சாரமே பொறக்குது, மெதுவா இழுத்தா காந்தம் மெதுவா தாண்டும், பொறி வராது. அதனால தான் முதல்ல கயிற மெதுவா இழுத்து, கனமா தட்டுப்படுற எடம் (காத்த அமுக்க ஆரம்பிக்கிற எடம்) வந்ததும் கயிற உள்ள விட்டுட்டு, அங்க இருந்து ஒரே இழுப்பா இழுக்கச் சொல்றது. அடுத்த அமுக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு சுத்து ஓடி ஃப்ளைவீல் வேகம் எடுத்திருக்கும்.

சரி, அறுந்த கயிறு. தயவுசெஞ்சு அத தூக்கிப் போட்டுறாதீங்க, அது தான் சாட்சி. கைப்பிடி முடிச்சுல அறுந்திருந்தா, இழுத்துட்டு கைய அப்படியே விட்டு டப்புன்னு அடிக்க விடுற பழக்கம்னு அர்த்தம், முடிச்சு போட்ட எடத்துல கயித்தோட பலம் ஏற்கனவே பாதி வரைக்கும் கொறஞ்சிருக்கும், அதுல தெனமும் அடி. நுனி கருப்பா கண்ணாடி மாதிரி இறுகியிருந்தா சைலன்சர் சூடு பட்டிருக்கு. எங்க கயிறு கவர்ல இருந்து வெளிய வர்ற ஓட்டைகிட்ட அறுந்திருந்துச்சு, ஒரு பக்கம் மட்டும் பஞ்சு பஞ்சா பிரிஞ்சு, மறுபக்கம் புதுசு மாதிரி. ஓட்டைக்குள்ள வெரல் நகத்த வச்சு தடவிப் பாத்தேன், மேல் பக்கமா நகம் நிக்குற அளவுக்கு ஒரு பள்ளம், அதோட விளிம்பு கத்தி மாதிரி. இத அப்படியே விட்டுட்டு எவ்வளவு ஒசத்தியான கயிறு போட்டாலும் அடுத்த போகத்துக்குள்ள அறுந்துரும். வட்டமான அரம் ஒண்ண விட்டு தேச்சு, மேல பொடி எமரி ஷீட் போட்டு நகம் வழுக்குற வரைக்கும் மழமழன்னு ஆக்கினேன்.

கயிறுன்னா பின்னல் நைலான் கயிறு தான், பம்ப்செட்டு, ஜெனரேட்டருக்கு 4ல இருந்து 5 மி.மீ, புல் வெட்டுற மெஷினுக்கு 3, 3.5 மி.மீ, பழைய கயித்து கனத்தயே பாத்து வாங்குறது நல்லது. துணி காயப்போடுற பளபள பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே உருகிரும், நைலான் 220 வரைக்கும் தாங்கும், கூடவே நைலான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அந்த வெடுக்கு இழுப்ப வாங்கிக்கும்.

இப்ப மாட்டுறது. நடு ஸ்க்ரூவ கழட்டாதீங்க, அதக் கழட்டினா ஸ்பிரிங் பாம்பு மாதிரி துள்ளி வெளிய வரும், விளிம்பு கூர், கண்ணுல பட்டா அவ்வளவு தான். கயிறு மாத்த அத தொடவே தேவையில்ல. பழைய கயித்துத் துண்ட முடிச்சோட உருவிட்டு, புல்லிய இழுக்குற திசையிலயே கையால திருப்பிக்கிட்டே போங்க, ஸ்பிரிங் இறுகி இறுகி ஒரு எடத்துல மேல போகாம நின்னுரும். அங்க இருந்து ஒரு சுத்து பின்னாடி விடணும், விட்டுட்டு புல்லியில இருக்குற ஓட்டையும் கவர் ஓட்டையும் நேரா வர்ற மாதிரி வச்சு ஒரு ஸ்க்ரூட்ரைவர குறுக்க சொருகி நிறுத்திக்கணும்.

அந்த ஒரு சுத்து எதுக்குன்னா, கயிறு முழுசா வெளிய வந்து நிக்கும்போது ஸ்பிரிங்ல இன்னும் கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கணும், அப்ப நம்ம இழுப்போட கடைசி அடிய புல்லியும் முடிச்சும் தாங்கிக்கும், மிச்சம் இல்லைன்னா அந்த அடி முழுக்க ஸ்பிரிங் நுனியில விழும், ரெண்டு மாசத்துல நுனி கொக்கி ஒடிஞ்சுரும். கயிறு மாத்தினதுக்கு அப்புறம் ஸ்பிரிங் போச்சுன்னு சொல்றவங்க கிட்ட விசாரிச்சா பெரும்பாலும் இந்த ஒரு சுத்து தான் விட்டுப்போயிருக்கும்.

கயித்தோட ரெண்டு நுனியவும் தீப்பெட்டியால உருக்கி உருட்டிட்டு, கவர் ஓட்டை வழியா புல்லிக்கு விட்டு எட்டு மாதிரி முடிச்சு போட்டு இறுக்குங்க, மறு நுனியில கைப்பிடி. நீளம் பழைய துண்டெல்லாம் சேத்து வச்சு அளந்தது தான், அதிகமானா புல்லியில கொள்ளாம உரசும், கைப்பிடியும் தொங்கும். அப்புறம் ஸ்க்ரூட்ரைவர எடுத்துட்டு புல்லிய விரலால பிடிச்சுக்கிட்டே மெதுவா கயிற சுருட்ட விடணும். கைப்பிடி கவர்ல போய் கச்சிதமா ஒட்டி உக்காந்தா சரி, தொங்குனா ஸ்பிரிங் முறுக்கு பத்தல.

கவர எஞ்சின்ல வச்சு போல்ட்ட லேசா கோத்துட்டு, இறுக்குறதுக்கு முன்னாடி கயிற ஒரு சாண் இழுத்துப் பிடிங்க, கொக்கி கிண்ணத்த பிடிச்சு கவர நடு மையத்துக்கு தானா கொண்டு வந்துரும், அப்படியே இறுக்கிறலாம்.

ஆனா அந்தப் பள்ளம் ஏன் மேல் பக்கம் மட்டும் விழுந்துச்சு? பம்ப்செட் எப்பவும் தரையில இருக்கு, நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டே மேல் நோக்கி இழுக்குறோம், ஓட்டையோ பக்கவாட்டுல பாத்துட்டு இருக்கு, அதனால ஒவ்வொரு இழுப்பும் அந்த மேல் விளிம்புல மடங்கி தேஞ்சு போயிருக்கு. எங்க கவர்ல மூணு போல்ட் ஓட்டையும் சம தூரத்துல இருக்குறத அப்ப தான் கவனிச்சேன், அத ஒரு ஓட்டை தள்ளி திருப்பி மாட்டினதும் கயிறு வர்ற வாய் மேல் பக்கம் சாஞ்சு பெரியப்பா நிக்குற கைக்கு நேரா வந்துருச்சு.