பானட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் சாவியைக் கேட்பதில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, பட்டறை வைத்திருக்கும் என்னை அழைத்துக்கொண்டு போனார். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) வைத்த பெட்ரோல் இன்ஜின், நான்கு சக்கர இழுவை, எட்டு வயது. புதிதாக இருந்தபோது 60 லட்சத்துக்கு மேல் விற்ற எஸ்யூவி, இப்போது 17 லட்சம். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே தேவையில்லை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். பானட் தோசைக்கல்லாகக் கொதித்தது. "இப்போதுதான் சார் கழுவிக்கொண்டு வந்தோம்" என்றார் தரகர். தெருமுனையில் கழுவிக்கொண்டு வரும் வண்டி இவ்வளவு சூடாகாது. ஸ்டார்ட் செய்தார், தேன் மாதிரி ஓடியது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். ஒரு பழுதுக் குறியும் இல்லை. தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது.

ஸ்கேனரில் இன்னொரு பக்கம் இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பழுதுக் குறிகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை இன்ஜினின் கணினி தனியாகக் கணக்கு வைத்திருக்கும். இந்த வண்டியில் அது 14 என்று காட்டியது. அதாவது அன்று காலையோ முந்தைய மாலையோ யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள். "நாளைக் காலை ஆறரைக்கு வருகிறோம், அதுவரை வண்டியை யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். தரகருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை ஊதுவத்திபோல் எழுந்து அரை நிமிடம் நின்றது. டர்போவுக்குள்ளோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் இறங்குகிறது என்று பொருள். சூடான இன்ஜினில் அந்தப் புகை தெரிந்திருக்காது. நாங்கள் வாங்கவில்லை.

பழைய வண்டி எதற்கும் இது பொருந்தும் என்றாலும், வேகத்துக்காகச் செய்யப்பட்ட எஸ்யூவிகளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். சின்ன இன்ஜினில் டர்போ வைத்துப் பெரிய பலத்தைக் கறந்திருப்பார்கள். இரண்டு கிளட்ச் மாறி மாறித் தானே வேலை செய்யும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், நான்கு சக்கர இழுவை, சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் காற்று சஸ்பென்ஷன், அகலமான டயர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செலவு கேட்கும். வண்டியின் விலை எட்டு ஆண்டில் கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது. பாகங்களின் விலை இறங்குவதில்லை. 17 லட்சம் கொடுத்து வாங்கினாலும் நீங்கள் பராமரிக்கப் போவது 60 லட்ச ரூபாய் வண்டியைத்தான்.

குளிர்ந்த இன்ஜினில் கேட்க வேண்டிய சத்தங்களில் முதலாவது, வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இசைந்து திறக்க வைக்கும் டைமிங் சங்கிலி. பி.எம்.டபிள்யூவின் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினைச் சொல்கிறேன். 2007இல் வந்தது, 2014 வாக்கில் அடுத்த தலைமுறை இன்ஜின் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து எக்ஸ்1, எக்ஸ்3 வண்டிகளில் இருப்பது அதுதான். நன்றாக இழுக்கும், டீசலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் டைமிங் சங்கிலியை இன்ஜினின் முன்பக்கம் வைக்காமல் கியர்பாக்ஸ் பக்கம் வைத்துவிட்டார்கள். சங்கிலி தளர்ந்தாலோ அதன் வழிகாட்டித் துண்டுகள் தேய்ந்தாலோ, மாற்றுவதற்குக் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ வெளியே எடுக்க வேண்டும். சங்கிலியின் விலையைவிட அதை எட்டித் தொடுவதற்கான கூலிதான் பெரிது. அறுந்தால் இன்ஜினே போய்விடும். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் அறையை ஒட்டிய பக்கம் காதைக் கொடுங்கள். முதல் சில விநாடிகளில் தகர டப்பாவில் சங்கிலியை இழுப்பது போன்ற சரசரப்பு கேட்டால், "டீசல் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். டீசலின் தட்டல் சத்தம் வேறு, இது வேறு. சங்கிலி மாற்றிய பில் இருந்தால் நல்லது. வாயால் சொன்னது பில் ஆகாது.

பெட்ரோல் பக்கம் ஆடியின் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. இன்ஜினில், குறிப்பாக இ.ஏ.888 வகையின் இரண்டாம் தலைமுறையில், ஆயில் குடிக்கும் குறை உலகமறிந்தது. அமெரிக்காவில் இதற்காக வழக்குத் தொடுத்து, நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. பிஸ்டன் வளையங்கள் ஆயிலைச் சரியாக வழித்துக் கீழே அனுப்பாமல் அடைத்துக்கொள்வதுதான் மூலம். தொடக்க கால ஆடி க்யூ5 பெட்ரோல் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் "ஆயில் குறைகிறதா?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். டிக்கியைத் திறந்து பாதி காலியான ஆயில் டப்பா இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு உண்மையைச் சொன்ன டப்பாக்கள் நிறைய.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் விஷயத்தில் கண்ணே போதும். இதே இன்ஜின் குடும்பத்தில் தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் பம்பும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. சூட்டில் அந்தக் கூடு நெளிந்து கசியத் தொடங்கும். சொட்டுச் சொட்டாக விழாது. இன்ஜின் சூட்டில் காய்ந்து, இளஞ்சிவப்பு உப்புப் படிவமாக ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துத் தேடினால் தெரியும். போர்ஷே கெய்ன் முதல் தலைமுறை வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிகளில் இதைவிட மோசமான வேடிக்கை. இன்ஜினின் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, மிகச் சூடான பள்ளத்தில், கூலண்ட் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தார்கள். வயதாக ஆக அவை விரிசல் விட்டன. பிறகு அலுமினியக் குழாய்கள் வந்தன. அந்த மாடலை யாராவது ஆசையாகக் காட்டினால், அலுமினியக் குழாய் மாற்றிய பில்லைக் கேளுங்கள். அதே வண்டியில் பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டின் நடு பேரிங்கும் தேயும். வேகமெடுக்கும்போது அடியில் யாரோ சுத்தியால் தட்டுவது போலிருக்கும்.

இனி கியர்பாக்ஸ். என்னைக் கேட்டால் டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டிப் பார்ப்பது வீண். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மாலை ஆறு மணிக்குக் கிண்டியிலிருந்து கத்திப்பாரா வரை ஊர்ந்து போங்கள். இரட்டை கிளட்சில் இரண்டு வகை: கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்கியிருப்பது ஒன்று, உலர்ந்திருப்பது இன்னொன்று. உலர் வகைக்கு ஊர்ந்து போவதுதான் எமன். ஒவ்வொரு ஊர்தலிலும் தட்டு உரசி உரசிச் சூடாகும். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி நடுங்கினால் தட்டு தேய்ந்திருக்கிறது. கியர்களை மாற்றும் மின்னணு-ஹைட்ராலிக் பெட்டியும் கெடலாம். ஃபோக்ஸ்வாகன் 2013இல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை டி.எஸ்.ஜி. என்ற தன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. இன்னொரு சோதனை எனக்குப் பிடித்தமானது. ஏதாவது வணிக வளாகத்தின் அடித்தள நிறுத்துமிடத்துக்குப் போய், சரிவில் நிறுத்தி, ரிவர்ஸில் மெதுவாக மேலே ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் அந்த இடத்தில் நடிக்க முடியாது. தீய்ந்த வாடையும் வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்" என்று கார் நிறுவனங்கள் சொல்லும். பல சொகுசு வண்டிகளில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைச் செய்கிற இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கார் நிறுவனம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் டயர்தான் ஜாதகம். நான்கு டயரும் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு புதிது, பின்னால் இரண்டு மொட்டை என்றால், சுற்றளவு வேறுபட்டு, முன்-பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் பெட்டி ஓய்வே இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். பிறகு ஒருநாள் அது நின்றுவிடும். காலியான மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடை வேகத்தில் வட்டமடியுங்கள். டயர் துள்ளினாலோ வண்டி விட்டுவிட்டு இழுத்தாலோ அந்தப் பெட்டி முனகுகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3119 என்றால் 2019ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். 25,000 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டும் எட்டு வயது வண்டியில் நான்கு டயரும் கடந்த ஆண்டு மாற்றியவை என்றால், மீட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பல வண்டிகளில் கியர்பாக்ஸ், பிரேக் கணினிகள் ஓடிய தூரத்தைத் தனியே குறித்து வைத்திருக்கும். டேஷ்போர்டில் திருத்துகிறவர் அவற்றை மறந்துவிடுவார்.

காற்று சஸ்பென்ஷனுக்கும் விடியற்காலைதான் நேரம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஒரு மூலை மட்டும் சாய்ந்திருந்தால் அங்கே ரப்பர் பை கசிகிறது. இன்ச் டேப்பால் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை நான்கு பக்கமும் அளந்துகொள்ளுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அமுக்கி மோட்டார் ஓயாமல் இரைந்தால் கசிவை ஈடுகட்டியே அதுவும் சாகப் போகிறது. தரகர் பத்து மணிக்கு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரீமேப் என்று ஒன்று உண்டு. இன்ஜின் கணினியின் நிரலை மாற்றிப் பலத்தைக் கூட்டுவது. விற்கும் முன் பழைய நிரலையே ஏற்றிவிடுவார்கள். ஆனால் டர்போவும் கியர்பாக்ஸும் பட்ட பாட்டை அழிக்க முடியாது. காற்று ஹோஸ்களில் கம்பெனி கிளிப்புக்குப் பதில் வெளியில் வாங்கிய கிளிப் இருந்தாலோ, டீசல் வண்டியின் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டு அடித்திருந்தாலோ விலகிவிடுங்கள்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. இன்ஜினைக் கழற்றிக் கழுவி ஓட வைத்துவிடலாம். ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றில் கணினிப் பெட்டிகள் இருக்கைக்கு அடியிலும் கம்பளத்துக்குக் கீழேயும் இருக்கின்றன. பச்சைத் துரு அங்கே மெல்ல வேலை செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றின் கோடு நிற்கும். ஸ்டெப்னி பள்ளத்தின் மூலையில் விரலை ஓட்டுங்கள், வண்டல் ஒட்டும். வெள்ளமே பார்க்காத வண்டியும் உள்ளே நனையலாம். வேப்பமரத்தடியில் நின்ற வண்டியில் பூவும் சருகும் மேற்கூரைக் கண்ணாடியின் வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் கதவுத் தூண் வழியாகக் கம்பளத்துக்குள் இறங்கும். அந்தக் கால்வாயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால், சக்கரத்துப் பக்கம் தரையில் வடிய வேண்டும்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாக. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது, உச்ச நீதிமன்றமும் 2018இல் அதை உறுதிசெய்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தினாலும், அதற்குள் அங்கிருந்து மலிவாக இறங்கிய டீசல் எஸ்யூவிகள் ஏராளம். வாங்கினால் படிவம் 28 தடையில்லாச் சான்று, கடன் முடிந்ததற்கான படிவம் 35, இங்கே மறுபடியும் கட்ட வேண்டிய சாலை வரி ஆகியவற்றை விலையோடு கூட்டிப் பாருங்கள். "டாக்டர் ஓட்டிய வண்டி சார்" என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால் டாக்டர்களைத் தவிர வேறு யாரும் கார் வைத்திருந்ததாகவே தெரியவில்லை.

அந்தத் தம்பி மேலும் மூன்று வண்டிகளைத் தள்ளினார். ஐந்தாவதாகப் பார்த்தது ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியின் வண்டி. காலை ஆறு மணிக்குப் போனபோது அவர் லுங்கியோடு வந்து கேட்டைத் திறந்தார், இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை என்றார். பானட்டின் மேல் பனி ஈரம் படர்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தோம், புகை இல்லை, சரசரப்பு இல்லை. உள்ளேயிருந்து ஒரு கோப்பு வந்தது, எட்டு ஆண்டு பில் அடுக்கியிருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் மாற்றியிருக்கவில்லை, பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. "அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் தம்பி, அதற்குத்தான் விலையில் குறைத்திருக்கிறேன்" என்றார் பெரியவர். வாங்கிய வாரமே வண்டி என் பட்டறையில் தூக்கியில் ஏறி நின்றது. வடித்த கியர்பாக்ஸ் ஆயில் கறுப்புக் காபி நிறத்தில் இருந்தது. தம்பி அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரியவருக்கு அனுப்பப் போனார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.