குழந்தைக் கார் சீட்: எந்தப் பழசு சட்டப்படி பழசு?

அக்கா பிள்ளைக்கு வாங்கிய கார் சீட் பரணில் கிடக்கிறது. உறையைத் துவைத்துப் போட்டால் புதுசு போல ஆகிவிடும். நம் குழந்தைக்கு வைத்துக்கொள்ளலாமா? உறையை விடுங்கள், சீட்டைக் கவிழ்த்து லேபிளைப் பாருங்கள்.

ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்ற சீட் என்றால் முதுகிலோ அடியிலோ ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் தெரியும். அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் காட்டும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அது நமக்கு முக்கியமில்லை. கீழே இருக்கும் நீளமான ஒப்புதல் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள்தான் முக்கியம். ஆர்44 என்ற பழைய கார் சீட் விதிப்படி வந்த சீட்டில் அவை 01 அல்லது 02 என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 மே மாதத்திலிருந்தே அதைப் பயன்படுத்தக் கூடாது. 03, 04 என்றால் பயன்படுத்தலாம்.

அப்படியானால் 2024 செப்டம்பர் 1 முதல் ஆர்44-க்குத் தடை என்கிறார்களே? அந்தத் தடை விற்பவருக்கு. ஒன்றியத்துக்குள் அந்த வகையைப் புதிதாகக் கடையில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் இருப்பதைப் பயத்தில் தூக்கிப்போட வேண்டாம்.

ஆனால் விதியை ஏன் மாற்றினார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆர்44 எடையை வைத்துப் பிரித்தது: 9 கிலோ வந்துவிட்டால் குழந்தையை முன்பக்கம் பார்த்து உட்காரவைக்கலாம். நல்ல வளர்த்தியான குழந்தை முதல் பிறந்தநாளுக்கு முன்பே 9 கிலோவைத் தொட்டுவிடும். எடை ஏறியதால் கழுத்து உறுதியாகிவிடாது. அந்த வயதில் கழுத்துப் பகுதி முதுகெலும்பு இன்னும் முழுதாக எலும்பாகியிருக்காது, அதில் குருத்தெலும்பும் இருக்கும். தலையோ உடலுக்குப் பொருந்தாத கனம். நேருக்கு நேர் மோதும்போது பட்டை உடலைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே தாங்கும். 2013-ல் நடைமுறைக்கு வந்த ஆர்129 அதனால்தான் எடைக்குப் பதில் உயரத்தை வைத்து, 15 மாதம் தாண்டும்வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்றது. பக்கவாட்டு மோதல் சோதனையும் அதில் கட்டாயம்.

உங்களுடையது 04 சீட்டாக இருந்தாலும் இந்த 15 மாதக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டின் எடை வரம்பு இடம்கொடுக்கும்வரை. முன் இருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்பக்கம் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது.

காலாவதி வேறு கதை. அமெரிக்காவில் தயாரிப்புத் தேதி சீட்டில் இருந்தாக வேண்டும். காலாவதித் தேதியைச் சட்டம் கேட்பதில்லை, தயாரிப்பாளர்களே போடுகிறார்கள். பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள். வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். பூட்டிய காருக்குள் வெயிலிலும் குளிரிலும் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக்கை நான் நம்ப மாட்டேன்.

விபத்தில் சிக்கிய சீட்டை மாற்ற வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு மோதலுக்கு மட்டும் விலக்கு தருகிறது: வண்டியை ஓட்டிக்கொண்டே போக முடிந்திருக்க வேண்டும், சீட்டுக்கு அருகிலுள்ள கதவு நசுங்கியிருக்கக் கூடாது, யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒன்று பொய்த்தாலும் புது சீட்தான். அந்தச் செலவைக் காப்பீட்டில் கேட்டுப் பாருங்கள், பலர் கேட்பதே இல்லை. முன்கதை தெரியாதவரிடம் பழைய சீட் வாங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். உள்விரிசலைத் துணி மறைத்துவிடும்.

கழிக்கும் சீட்டை அப்படியே குப்பையருகே வைத்துவிடாதீர்கள், யாராவது எடுத்துப்போய்த் தன் குழந்தையை உட்காரவைப்பார். பட்டைகளைக் கத்தரித்து, பிளாஸ்டிக் மேல் 'பயன்படுத்தாதே' என்று மார்க்கரால் பெரிதாக எழுதிப் போடுங்கள்.