இலகுவான விசை எனும் ஆசை: லீவர் துப்பாக்கி வைத்திருக்கும் வேட்டைக்காரர்களுக்கு

சென்ற வாரம் என் பட்டறைக்கு முப்பது-முப்பது ரகத் தோட்டா சுடும் லீவர் துப்பாக்கி ஒன்று வந்தது; அடியிலுள்ள லீவரைத் திறந்து மூடி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை அது. விசையை (டிரிக்கரை) இழுத்ததும் விழுந்து தோட்டாவை வெடிக்கவைக்கும் அதன் சுத்தியலைக் கழற்றிப் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்தபோது, விசையை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் எனப்படும் கொண்டி மாட்டிக்கொள்ள வேண்டிய, சுத்தியலில் வெட்டிய முழுநிலைக் காடியின் விளிம்பு, ஆற்றில் கிடந்த கூழாங்கல்லைப் போல மழமழவென்று உருண்டிருந்தது. கொண்டுவந்தவர் சொன்ன குறை இதுதான்: "லீவரை வேகமாக மூடினால் சில நேரம் சுத்தியல் தானாக விழுந்துவிடுகிறது." கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று சொல்லும் அதே குரலில் அதைச் சொன்னார். விசாரித்ததில், காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, கையடக்க அரவை மோட்டாரில் மெருகுச் சக்கரத்தை மாட்டி, பசை தடவி, காடியைத் தாமே பளபளப்பாக்கியிருக்கிறார். இந்த ஆண்டு இப்படி வந்த மூன்றாவது துப்பாக்கி இது. முதல் இரண்டு பேருக்கும் பொறுமையாக வாயால் விளக்கினேன். மூன்றாமவர் போன பிறகு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மறுபடி பூட்டி, ஸ்பிரிங் தராசின் கொக்கியை விசையின் நடுவில் மாட்டி, எவ்வளவு எடையில் அது விடுபடுகிறது என்று இழுத்துப் பார்த்தேன். முதல் முறை 1¼ பவுண்டு, அடுத்து 2, அதற்கடுத்து 1½. நான்காம் முறை சுத்தியல் நிற்கவே இல்லை. எடை குறைந்திருந்ததைவிட, அது முறைக்கு முறை மாறியதுதான் எனக்கு அச்சமூட்டியது. கொண்டி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். சுத்தியலைப் பாதி ஏறிய நிலையில் பிடித்து நிறுத்தும் அரைநிலைக் காடியின் உதடும் ஒரு மூலையில் சிதைந்திருந்தது. நழுவிய சுத்தியலை இத்தனை நாளும் தாங்கிப் பிடித்திருந்தது அந்தச் சிதைந்த உதடுதான்.

"விசை இலகுவாக இருந்தால் குறி தப்பாது" என்ற நம்பிக்கை எங்கிருந்து முளைக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் அதை வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள். விரலுக்கு எடை அவ்வளவு நன்றாகத் தெரியாது. எடை மாறுவதுதான் தெரியும். இழுக்கத் தொடங்கியபின் விசை சொரசொரவென்று நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, எப்போது விடுபடும் என்று தெரியாமல் ஊர்ந்தால், சுடுபவர் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுப்பார். குழல் அந்தக் கணத்தில் அசைந்துவிடும். அதே விசை நகராமல் நின்று, கண்ணாடிக் குச்சி முறிவதைப் போலப் பட்டென்று விடுபட்டால், எடை கூடுதலாக இருந்தாலும் குழல் அசையாது. நம்பாதவர்களுக்காக என் பட்டறையில் இரண்டு துப்பாக்கிகள் வைத்திருக்கிறேன். ஒன்றின் விசை 4½ பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 கிலோ, ஆனால் சுத்தமாக விடுபடும். மற்றொன்று 3½ பவுண்டுதான், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து விடுபடும். எது இலகு என்று கேட்டால், இதுவரை இழுத்துப் பார்த்தவர்கள் அனைவரும் கனமானதையே காட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்களைத் தொந்தரவு செய்வது எடையன்று, ஊர்தலும் சொரசொரப்பும்தான். ஊர்தலை நீக்கப் போய் எடையைக் குறைப்பவர், கால்வலிக்குச் செருப்பை வெட்டுபவர்.

தொலைநோக்கி பொருத்திய இலக்குத் துப்பாக்கியில் 1½ பவுண்டு விசை வைத்துச் சுடுகிறார்களே என்று உடனே கேட்பீர்கள். சுடுகிறார்கள், மேசையில் மணல்மூட்டை மேல் சாய்த்து, சுடும் நேரத்தில் மட்டும் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுடுகிறார்கள். உங்கள் துப்பாக்கி செய்யும் வேலை அதுவன்று. வின்செஸ்டர் 1894, மார்லின் 336 போன்ற, சுத்தியல் வெளியே தெரியும் மரபுவழி லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாய் மேகசினில் வரிசையாகப் படுத்திருக்கும். வேட்டை முடிந்து அவற்றை வெளியே எடுக்க வேண்டுமானால் லீவரைத் திறந்து மூடித் திறந்து மூடித்தான் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். மேகசினில் ஆறு தோட்டா இருந்தால் ஆறு முறை, உயிருள்ள தோட்டா ஒன்று குழலின் வாயிலை நோக்கிப் போகும். அந்த ஆறு முறையும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் பின்னால் வந்து சுத்தியலை முழுநிலைக்கு ஏற்றிவிட்டிருக்கும். உங்கள் விரல்களோ லீவர் வளையத்துக்குள், விசைக்கு ஓர் அங்குல தூரத்தில் இருக்கும். களைத்த கை, குளிருக்குப் போட்ட தடித்த கையுறை, மங்கும் வெளிச்சம் ஆகியவற்றோடு 1¼ பவுண்டு விசையையும் சேர்த்துக் கற்பனை செய்து பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குறிபார்த்த மான் மரங்களுக்குள் மறைந்துவிட்டால், ஏற்றிய சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல இறக்கி, அரைநிலையில் நிறுத்த வேண்டும். தோட்டா உள்ளே இருக்கும்போதே விசையை அழுத்தச் சொல்லும் செயல்முறை இது; என் தொழிலில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று, ஆனால் பழைய துப்பாக்கிகளில் வேறு வழியில்லை. விசை எப்போது விடுபடும் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் கட்டைவிரல் முன்கூட்டியே தயாராக இருக்கும். (1980களில் மார்லின் 336-இல் சுத்தியலைத் தடுக்கும் குறுக்குப் பொத்தான் வந்தது. அந்தப் பொத்தான் இருப்பவர்கள் தோட்டாக்களை வெளியேற்றும்போதாவது தயவுசெய்து அதை அழுத்தி வையுங்கள். அழகைக் கெடுக்கிறது என்று பிடுங்கி எறிபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.)

அடுத்த குற்றம், விசைத் தடுப்பைக் கழற்றி எறிவது. மேலே சொன்ன இரண்டு வகைகளிலும் லீவரை முழுமையாக மூடி அழுத்திப் பிடித்தால் மட்டுமே விசை வேலை செய்யும். போல்ட் பூட்டிக்கொள்ளாத நிலையில் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தைத் தளர்வாகப் பிடிப்பவர்களுக்கு லீவர் மயிரிழை இறங்கியிருக்கும். தடுப்பு விசையை மறிக்கும். அவர்கள் அதை "கனமான விசை" என்று எண்ணிக்கொள்வார்கள். ஒருவர் இந்தக் குறையோடு நெடுந்தூரம் வண்டியோட்டி வந்தார். "லீவரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து இழுங்கள்" என்றேன். இழுத்தார், சிரித்தார், திரும்பிப் போனார். மார்லினில் விசை சற்று ஆடிக்கொண்டிருப்பதும் இதே போல நோயன்று. அந்த ஆட்டம் காதுக்கும் விரலுக்கும் எரிச்சல், அவ்வளவே.

காடியையும் கொண்டியையும் வீட்டில் ஏன் தொடக் கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவற்றில் பலவற்றுக்கு மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அதைத் தேய்த்துவிட்டால் அடியிலுள்ள மென்மையான உலோகம் சில நூறு இழுப்புகளிலேயே உருக்குலையும். கோணம் இம்மி பிசகினாலும் சுத்தியலின் ஸ்பிரிங்கே கொண்டியை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். முழுநிலைக் காடியின் ஆழத்தைக் குறைத்தால், விழும் சுத்தியலின் அரைநிலைக் காடி கொண்டியின் மூக்கில் மோதி அதை உடைத்துவிடும். மெருகுச் சக்கரத்துக்கு விளிம்பென்றும் கோணமென்றும் எதுவும் தெரியாது. எதைத் தொட்டாலும் உருட்டும்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? முதலில் கழுவுங்கள். பல ஆண்டுகளாக மேலுக்கு மேல் விட்ட எண்ணெய் காய்ந்து, பழுப்பு வார்னிஷாகக் கொண்டியைச் சுற்றி ஒட்டியிருப்பதை எத்தனையோ துப்பாக்கிகளில் பார்த்துவிட்டேன். கட்டையைக் கழற்றி, கரைப்பானால் அலசி, நன்றாக உலர்த்தி, கொண்டி தொடும் இடத்தில் ஊசிமுனை அளவு கிரீஸ் வைத்தாலே பலருடைய குறை தீர்ந்துவிடும். பிறகு, ஈரத்தில் ஊதிய மரம் உள்ளே எங்காவது ஸ்பிரிங்கையோ விசையையோ உரசுகிறதா என்று பாருங்கள். உரசும் இடம் மினுமினுவென்று காட்டிக்கொடுக்கும். அதன்பின்பும் கனமாக இருந்தால், சற்று மென்மையான சுத்தியல் ஸ்பிரிங்கைப் போடலாம். கொண்டியின் மேலுள்ள சுமை குறைவதால் விசையும் இளகும். ஆனால் மிகவும் மென்மையாகப் போட்டால் தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரில் விழும் குழி ஆழமில்லாமல் போய், எண்ணெய் இறுகும் கடுங்குளிரில் தோட்டா வெடிக்காமல் நிற்கும். காட்டுக்கு எடுத்துப் போகும் தோட்டாக்களையே பயிற்சித் திடலில் ஒரு பெட்டியாவது சுட்டுப் பார்க்காமல் வேட்டைக்குக் கிளம்பாதீர்கள். கல்லால் தேய்க்கும் வேலை வந்தால், கோணத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். காட்டில் சுமக்கும் லீவர் துப்பாக்கிக்கு நான் 4 பவுண்டுக்குக் கீழே இறங்குவதில்லை, கெஞ்சினாலும் இறங்குவதில்லை.

யாரிடம் வேலை கொடுத்திருந்தாலும், வாங்கிய கையோடு மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். குழலிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையை நோக்கிப் பிடித்து, விசையைத் தொடாமல் லீவரைப் பத்து முறை முரட்டுத்தனமாக மூடுங்கள்; ஒருமுறைகூடச் சுத்தியல் விழக் கூடாது. சுத்தியலை ஏற்றிவிட்டு, பின்னாலிருந்து கட்டைவிரலால் அதை முன்னோக்கி அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. கடைசியாக விசையை மிக மெல்ல இழுத்து, சுத்தியலை உற்றுக் கவனியுங்கள். விடுபடுவதற்கு முன் அது ஒரு மயிரிழை பின்னால் போனால் நல்லது, முன்னால் ஊர்ந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள். இந்தச் சோதனைகளுக்குச் சில நிமிடங்கள்கூட ஆகாது. நேரமில்லை என்பவர்கள் வேட்டைக்கும் போக வேண்டாம்.

கூழாங்கல் காடிக்காரருக்குப் புதிய சுத்தியலும் புதிய கொண்டியும் போட்டேன். தராசில் ஐந்து முறை இழுத்ததில் ஐந்து முறையும் 4¼ பவுண்டையொட்டியே நின்றது. செலவைக் கேட்டு முகம் சுளித்தவர், பழைய சுத்தியலையாவது கொடுங்கள், உதிரியாக இருக்கட்டும் என்றார். அவர் கண்ணெதிரிலேயே அதைப் பிடிப்பானில் இறுக்கி, காடியின் குறுக்கே ரம்பத்தால் அறுத்து, இரண்டு துண்டாகக் கையில் கொடுத்தேன்.