333 ஆண்டுகள் தாங்கிய மரம்

குளத்துச் சேற்றில் பல வருடம் கிடந்த மரக்கட்டையை எடுத்து வெயிலில் போட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை முழுசாகத் தெரியும். காயக் காயச் சுருங்கி, வெடித்து, கோணிக்கொள்ளும். கடலடியில் ஒரு பழைய கப்பலைக் கண்டுபிடித்ததும் தொல்லியலாளர்கள் அதை உடனே வெளியே எடுக்கத் தயங்குவது இதனால்தான்.

சுவீடனின் வாசா போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதல் பயணத்தில், 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து, ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கிவிட்டது. 1961 ஏப்ரல் 24 அன்று, 32 மீட்டர் ஆழத்திலிருந்து அதைத் தூக்கியபோது ஏறக்குறைய முழுக் கப்பலாகவே வந்தது.

எப்படித் தப்பியது? கடலில் மரத்தைத் துளைத்துத் தின்பது கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். அதற்கு நல்ல உப்புத் தண்ணீர் வேண்டும். பால்டிக் கடலில் அந்தப் பகுதியில் உப்பு குறைவு என்பதால் அங்கே அது பிழைக்காது. அதோடு, நகரத்துக் கழிவு கலந்த துறைமுக அடியில் ஆக்சிஜனும் குறைவு. பூஞ்சையும் வளர வழியில்லை.

ஆனாலும் சில பாக்டீரியாக்கள் மெதுவாக வேலை செய்துகொண்டுதான் இருந்தன. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்ச் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸை அவை தின்னத் தின்ன, காலியான இடத்தில் தண்ணீர் நிறைகிறது. அப்புறம் சுவரைத் தாங்கி நிற்பதே அந்தத் தண்ணீர்தான். அது ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மெலிந்த சுவர்களை உள்பக்கம் இழுக்க, குழாய்கள் நசுங்கிப்போகின்றன.

அதனால் தண்ணீர் இருந்த இடத்தில் வேறொன்றை நிரப்ப வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் கரைத்து, அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாசாவின் மேல் 17 ஆண்டுகள் தெளித்தார்கள். முகத்துக்குப் பூசும் கிரீம்களிலும் சேர்க்கிற பொருள்தான் அது. பிறகு ஒன்பது ஆண்டுகள் நிதானமாக உலர விட்டார்கள்.

சரி, காப்பாற்றியாகிவிட்டது என்று இருந்தபோது, 2000-இல் மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் படிவுகள் தோன்றின. கப்பலைப் பாதுகாத்த அதே கழிவுநீர், அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடாகக் கந்தகத்தையும் மரத்துக்குள் ஏற்றியிருந்தது. துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் உள்ளே ஊறியிருந்தது. காற்று பட்டதும், இரும்பு தூண்டிவிட, அந்தக் கந்தகம் கந்தக அமிலமாக மாறியது. பின்னாளில் 5,000-க்கும் மேற்பட்ட இரும்பு போல்ட்டுகளைக் கழற்றி, துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டி வந்தது.

நீரடிப் பண்பாட்டு மரபுக்காக யுனெஸ்கோ 2001-இல் உருவாக்கிய உடன்படிக்கை, கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்கிறது. நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினியில் இணைத்து முப்பரிமாண உருவமாக்கினால், எதையும் அசைக்காமலே அளந்துவிடலாம். பிறகு மணலால் மூடிவிடுகிறார்கள்.

வெதுவெதுப்பான நம் கடல்களில் கப்பற்புழு தாராளம். இருந்தும் இலங்கையின் தென்கரையில், கொடவாய அருகே உள்ளூர் மீனவர்கள் கண்ட சுமார் 2,000 ஆண்டுப் பழைய கப்பலில், கண்ணாடிக் கட்டிகளோடும் பானைகளோடும் மரத்துண்டுகளும் மிஞ்சியிருந்தன. மணலுக்குள் புதைந்த மரத்தை அந்தப் புழுவால் எட்ட முடியாது. அங்கே மூச்சுவிட அதற்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை.